படித்ததாக எடுத்துக்கொள்ளலாம்

செலின்,

யாருமே படிக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு அறிக்கையில் உண்மையை எதற்காக எழுத வேண்டும் என்று நேற்றுக் காலை அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாய். தோசை கருகுகிறது என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். பதில் எனக்கு இன்னும் தெரியவில்லை. இத்தனைக்கும் இருபது வருடத்துக்கு மேலாக மன்னார்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்துகிறவள் நான். ஆண்டறிக்கையின் நோக்கங்கள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். தான் கொடுத்த பணம் யார் கையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பங்குதாரர் தெரிந்துகொள்ள, நிர்வாகத்தைக் கேள்வி கேட்க, அடுத்த வருடமும் இவர்களையே நம்பலாமா என்று முடிவு செய்ய. ஐந்து மதிப்பெண் கேள்வி. அதை எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில் ஒருவராவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பிரித்துப் பார்த்திருப்பார் என்று நான் நம்பியதில்லை. உன் அப்பா எப்போதோ வாங்கிய பங்குக்காக வழவழப்பான தாளில் ஒன்று வீட்டுக்கு வரும். படங்களைப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டுவிடுவேன். நான் பாதி நம்பிக்கையோடு சொல்லிக்கொடுத்ததை முழு நம்பிக்கையோடு எடுத்துக்கொண்ட பிள்ளை என் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நீ காலையில் அறிக்கையை அச்சடிக்கத் தஞ்சாவூருக்குப் போய்விட்டாய். இரவு அங்கே தோழி வீட்டில் தங்கி, நாளைக் காலை கட்டுகளோடு நேராகக் கூட்டத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னாய். இப்போது பிற்பகல். போன் என் பக்கத்தில்தான் இருக்கிறது. அச்சகம் பொழுது சாயும்வரை திறந்திருக்கும். இப்போது கூப்பிட்டால்கூட நேரம் இருக்கிறது. கூப்பிட்டால் 'அந்தப் பத்தியை எடுத்துடு' என்று சொல்வேனா, 'எடுத்துடாதே' என்று சொல்வேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்ப எழுதுவதாகத் தோன்றும். பொறுத்துக்கொள். வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் பயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நம் ஊரும் சுற்றுப்பட்ட ஊர்களும் சேர்ந்து நடத்தும் உழவர் கம்பெனிக்கு உன் பெரியப்பா முதல் நாளிலிருந்தே தலைவர். உன் அப்பாவின் அண்ணன் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர் இல்லையென்றால் அந்தக் கம்பெனி இல்லை. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொருவரையும் பங்கு வாங்க வைத்தார். விதைநெல்லைச் சேர்ந்து வாங்கினோம், அறுத்த நெல்லைச் சேர்ந்து விற்றோம். அறுப்பு நேரத்து மழையில் நெல் முளைத்துப் போகாமலிருக்க உலர்த்தும் இயந்திரமும் அதற்கு ஒரு பெரிய கொட்டகையும் வந்தன. கொட்டகைக்கு அரசு மானியம் தருவதாகச் சொன்னபோது கெடு நெருங்கிவிட்டது, இடம் அமையவில்லை. "எடந்தானே? ரோட்டோரம் என் மேட்டு நெலம் சும்மாத்தானே கெடக்கு, கட்டுங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அங்கே இருந்தேன். கொட்டகை கம்பெனியுடையது, மண் அவருடையது. பட்டா அவர் பெயரில் இருக்கிறது. குத்தகை என்றோ கிரயம் என்றோ ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. கேட்க யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்களுக்கு நாக்கு எழவில்லை.

கம்பெனிக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் எழுதுகிறவள் நீ; இந்த வருடம் ஆடிட்டர் இடத்துக்கான ஆவணம் கேட்டதும் அறிக்கையில் மூன்று வாக்கியம் சேர்த்தாய். 'நெல் உலர்த்தும் கொட்டகை நிற்கும் இடம் கம்பெனிக்குச் சொந்தமானது அல்ல. அது தலைவரின் பட்டா நிலம். இதுவரை குத்தகை ஒப்பந்தமோ கிரயப் பத்திரமோ எழுதப்படவில்லை.' அறிக்கையை இயக்குநர்கள் கூட்டத்தில் வைத்தாய். முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பியிருந்தாய், ஒருவரும் திறக்கவில்லை. படித்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரியப்பா பேனாவை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்தார். தன்னைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பிறகு யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக நம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம் பாப்பா, என்னைப் பத்தி பொஸ்தகத்துல போட்டிருக்கியாம்ல?"

"ஒங்களப் பத்தி இல்ல பெரியப்பா. எடத்தப் பத்தி."

"எடம் யாருது?"

"ஒங்களுதுதான். அதத்தான் போட்டிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. "ஊருக்கே தெரிஞ்சத அச்சடிச்சு வேற காட்டணுமாக்கும்? எவனாச்சும் அதப் படிப்பான்ற? போன வருசம் குடுத்தத வடையில எண்ணெய் ஒத்திக்கிட்டுல்ல இருந்தானுங்க."

"யாரும் படிக்க மாட்டாங்கன்னா இருந்துட்டுப் போவட்டுமே பெரியப்பா."

அங்கேதான் அவர் சிரிப்பு நின்றது. "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிட்டுதுன்னா எம் புள்ளைங்க கொட்டகையப் பிரிச்சுக்கிட்டுப் போன்னு சொல்லிடுவானுங்களா? அப்படித்தான் நெனக்கிறியா?" என்றார். உன் மௌனத்தைவிட ஒரு பொய் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் பக்கம் திரும்பி, "நீ வாத்திச்சி. பொண்ணுக்கு எடுத்துச் சொல்லு. அச்சுக்குப் போறப்ப அந்த மூணு வரிய எடுத்துட்டுப் போவச் சொல்லு" என்றார். வாசல் கதவில் கைவைத்துக்கொண்டு, "நாத்தங்காலுக்குத் தண்ணி எட்டுதாம்மா?" என்று கேட்டார். "எட்டுது அத்தான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எப்போதும் கேட்கிற கேள்விதான் செலின். பதினோராவது வருடமாகக் கேட்கிறார். ஆனால் அன்றைக்குக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன். நம் நிலத்துக்கு வாய்க்காலிலிருந்து நேராகத் தண்ணீர் கிடையாது. அவர் வயலுக்குப் பாய்ந்து, அங்கிருக்கும் மடை வழியாகத்தான் நமக்கு வரவேண்டும். அந்த மடையை நாம் ஒருநாளும் நம் கையால் வெட்டிவிட்டதில்லை. அவருடைய ஆள் வந்து வெட்டிவிடுவான், அவன்தான் அடைப்பான். உன் அப்பா போனபிறகு அப்படியே வழக்கமாகிவிட்டது. ஒரு வருடம்கூட நம் நாற்று காய்ந்ததில்லை. நன்றியும் பயமும் ஒரே மடையில் வந்தால் எது எது என்று பிரிக்க முடியாது போலிருக்கிறது. இப்போது சம்பாவுக்கு நாற்றுவிட்டிருக்கிறோம். இந்த நேரத்தில் சில நாள் தண்ணீர் நின்றால் போதும். அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆளை அனுப்ப மறந்தால் போதும்.

உன் அப்பா தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்ததைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. ரிப்போர்ட் வந்த அன்று பெரியப்பாதான் டாக்டரைப் பார்க்க உள்ளே போனார். வெளியே வந்து, காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரிப்போர்ட் நல்லாத்தாம்மா இருக்கு, கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வந்துடுவான்" என்றார். நான் வீட்டுக்கு வந்து சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னேன். அந்த வாரம் பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அளவுக்கு அதிகமாக அழுதார்கள். ஏன் இப்படி அழுகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. உன் அப்பாவுடன் பேசியிருக்க வேண்டிய பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, சுண்ணாம்புக்கு நீலம் எவ்வளவு கலப்பது என்று பேசிக்கொண்டிருந்தேன். பெரியப்பா அன்பினால்தான் மறைத்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடக்கத்தன்று குழிமேட்டில் என்னைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். அதனால்தான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமலிருந்தது சரியா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காகிதத்தை நான் படித்திருந்தாலும் உன் அப்பா பிழைத்திருக்க மாட்டார். ஆனால் அது என் காகிதம்.

நீ நாளைக்கு மேடையில் நிற்பதை நினைத்தால் எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. பெரியப்பனையே காட்டிக்கொடுத்தவள் என்று பேர் வரும். உனக்கு வரன் பேசுகிற இடத்தில் அந்தப் பேர் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அவர் கோபித்துக்கொண்டு தலைவர் பதவியை விட்டுவிட்டால் கம்பெனியே சரிந்துவிடும், பழி உன் தலையில் விழும். இதெல்லாம் ஒரு பயம். இதற்குக் கீழே இன்னொன்று இருப்பது எழுத எழுதத்தான் தெரிகிறது. நீ இப்போது அச்சகத்தில், என்னை நினைத்து, நம் நாற்றங்காலை நினைத்து, அந்த மூன்று வரியை எடுத்துக்கொண்டிருப்பாயோ என்ற பயம். எது பெரியது என்று கேட்காதே.

சொல்ல ஒன்றிரண்டு யோசனை இருக்கிறது, எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் உதவும். பேசத் தொடங்கும்போது முதலில் அவருக்கு நன்றி சொல். ஒப்புக்குச் சொல்லாதே, அவர் வெயிலில் நடந்ததைச் சொல். அறிக்கையில் 'தலைவர்' என்று எழுதியிருக்கிறாய்; பேசும்போதும் அப்படியே சொல், அங்கே பெரியப்பா என்று கூப்பிட்டால் உன் குரல் உடைந்துவிடும். யாராவது கத்தினால் நீயும் சத்தத்தை ஏற்றாதே. காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வா. உன் அப்பாவுக்குப் போலவே உனக்கும் வெறும் வயிற்றில் கோபம் வரும்.

ஒரே ஒரு சமாதானம், கூட்டம் வழக்கம்போல முடிந்துவிடும் என்பது. சட்டப்படி அறிக்கை கூட்டத்துக்கு முன்பே கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன். இங்கே சாப்பாட்டு டோக்கனோடு சேர்த்துத்தான் கொடுக்கிறோம். 'படித்ததாக எடுத்துக்கொள்ளலாமா' என்பார் பெரியப்பா, 'எடுத்துக்கலாங்க' என்பார்கள், கைதட்டுவார்கள். அந்த மூன்று வரி இருந்தாலும் இல்லாததுபோலத்தான். போன ஞாயிறு உபதேசியார் பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தாரே, நினைவிருக்கிறதா? பங்குதாரர்கள் என்று நீ தெளிவாக எழுதிக்கொடுத்ததை, கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைப் பங்கு மக்கள் என்று சொல்கிற பழக்கத்தில், 'வரும் சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் பங்கு மக்கள் அனைவருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டம்' என்று வாசித்துவிட்டார். கோயில் பங்கில் இருக்கிறவர்கள் எல்லாரும் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறவர்களா என்ன? "போச்சும்மா, மொத்தக் கோயிலும் வந்துடும், சோறு பத்தாது" என்று என் காதில் சொல்லி, முக்காட்டுக்குள் சிரித்தாய். இந்த வாரத்தில் நீ சிரித்து நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அச்சகம் மூடியிருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிடாதது துணிச்சலா, கோழைத்தனமா என்று எனக்குத் தெரியாது. நாற்றங்காலில் தண்ணீர் இருக்கிறதா என்று இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது.

சனிக்கிழமை மாலை.

இன்று நடந்ததை இதிலேயே எழுதி வைக்கிறேன். நீ மேடையில் இருந்தாய். மண்டபத்தின் பின்பக்கம் உனக்குத் தெரிந்திருக்காது.

கூட்டம் வந்தது நீ சொன்னபடியே. பங்குதாரர்கள் டோக்கனோடு முன்னால் உட்கார்ந்தார்கள். கோயிலிலிருந்து வந்த பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். என் கையிலும் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். என்னால் பிரிக்க முடியவில்லை. பையில் போட்டுக்கொண்டேன். அந்த வரிகள் இருக்கின்றனவா என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா வெள்ளைச் சட்டையில் வந்தார். என்னைப் பார்த்தார், தலையசைக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "அறிக்கை எல்லார் கையிலயும் இருக்கு. படிச்சதா எடுத்துக்கலாமா?" என்றார். முன்வரிசை, "எடுத்துக்கலாங்க" என்றது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து சவரியம்மா எழுந்தது. கம்பெனியில் அதற்குப் பங்கு ஒன்றும் கிடையாது. கோயில் கணக்கு என்று நினைத்து வந்திருந்தது. "அதெப்படி வாசிக்காம எடுத்துக்குவீங்க? திருவிழாக் கணக்குன்னா சீரியல் பல்பு வாங்குனது வரைக்கும் வாசிப்பாங்க. வாசிங்க, கேட்டுட்டுத்தான் போவோம்."

"யக்கா, இது கோயில் கணக்கில்ல, கம்பெனிக் கணக்கு. ஒனக்கு இதுல பங்கு இல்ல, ஒக்காரு" என்றார் பெரியப்பா.

"எனக்கா பங்கு இல்ல? ஞானஸ்நானம் குடுத்த நாள்லேருந்து இந்தப் பங்குலதான் இருக்கேன்! நீ இல்லன்னு சொல்லிடுவியா?"

மண்டபமே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் யாரோ, "வாசிக்கட்டுமே தலைவரே, சோறு இன்னும் வேவல" என்று குரல்கொடுத்தார். அவரால் மறுக்க முடியவில்லை. நீ எழுந்தாய். நன்றி சொன்னாய், வெயிலில் நடந்ததைச் சொன்னாய். அது என் கடிதம் பார்த்துச் சொன்னதல்ல, கடிதம் இன்னும் என்னிடம்தான் இருந்தது. பிறகு முதல் வரியிலிருந்து வாசித்தாய். விதைநெல், உரம், கரண்டு பில். கொட்டகை என்ற சொல் வந்ததும் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வரியும் இருந்தன. கரண்டு பில் வாசித்த அதே குரலில் வாசித்தாய்.

முன்வரிசையில் ஒருவர், "அது தெரிஞ்சதுதான, மேல படி பாப்பா" என்றார்.

"எங்களுக்குத் தெரியாதுங்க" என்று ஒரு குரல். தெற்குத் தெரு சித்ரா, திருவாரூரில் நர்சாக இருக்கிறதே, அந்தப் பெண். அப்பாவுக்குப் பதிலாக வந்திருந்தது. "கம்பெனி எடம்னு நெனச்சுத்தான் எங்கப்பா பங்கு வாங்குனாரு. எங்க தெருவுல யாருக்கும் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டீங்களாக்கும்?" என்றார் அந்த முன்வரிசைக்காரர்.

"வாங்கியிருப்போம். கேட்டுட்டு வாங்கியிருப்போம்."

பெரியப்பா உன்னைப் பார்க்கவில்லை, மைக்கோடு தெற்குத் தெரு ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பங்குகளை வாங்க வைக்க அவரேதான் நடந்துபோயிருந்தார். கடைசியில், "பாப்போம்" என்றார். "பாப்போம்னா எப்பங்க?" என்றது சித்ரா. "அடுத்த கூட்டத்துல பாப்போம். சாப்புட்டுப் போங்க எல்லாரும்." வழக்கமான கைதட்டல் வரவில்லை. அறிக்கையை ஏற்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. அவர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். சோறு பத்தவில்லை. முதல் பந்தியில் சவரியம்மா இருந்தது.

நீ மண்டபத்தில் நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது நான் வயலுக்குப் போனேன். மடை அடைத்திருந்தது. புது மண். கோபத்தில் அடைத்ததா, முறை முடிந்து ஆள் அடைத்துவிட்டுப் போனதா, எனக்குத் தெரியாது. நாற்றங்காலில் நேற்றைய தண்ணீர் வற்றி, சேறு தெரிந்தது. வரப்பில் அவருடைய ஆளின் மண்வெட்டி கிடந்தது. எடுத்தேன். நிமிர்ந்தபோது மேட்டில் பெரியப்பா நின்றிருந்தார், அதே வெள்ளைச் சட்டையோடு. மண்வெட்டி என் கைக்குப் பழக்கமில்லாதது. இரண்டு வெட்டு தப்பாக விழுந்தது. மூன்றாவதில் மண் சரிந்து தண்ணீர் வந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் நம் பக்கம் இறங்கி, நாற்றங்கால் ஓரத்தைத் தொட்டபிறகுதான் பேசினார்.

"எடது கரைய மிதிச்சு வையி. இல்லன்னா என் பக்கம் ஒடச்சுக்கும்."

மிதித்தேன்.